ராகு காலம் முடிந்தவுடன் சாவி மாறும்

எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் ஃபயர்வாலில், இரண்டு ஆபீசுகளை ரகசியமாக இணைக்கிற விபிஎன் டனல் அமைக்கும்போது நான் பக்கத்தில் போய் நிற்பதில்லை. நின்றால் சிரித்துவிடுவேன். எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டே வருவார்கள். ஓர் இடத்தில் திரை, சாவியின் ஆயுள் எவ்வளவு, எப்போது புதுச் சாவிக்கு மாற வேண்டும் என்று கேட்கும். இரண்டு முனையிலும் ஒரே பதிலைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் டனல் திறக்கும், கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருக்கும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிடும். அந்த இடம் வந்ததும் எனக்கு வெங்காய வாடை அடிக்கும். "என்னக்கா, ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டேன். சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எண்பதுகளின் கடைசி அது. சிங்கப்பூரின் வடக்கே, எங்கள் ஈசூனுக்கு அப்போதுதான் ரயில் வந்திருந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருந்தவர்கள் வேலை இல்லாவிட்டாலும் டவுனுக்குப் போய் வந்துகொண்டிருந்த காலம். எனக்கு வேலை இருந்தது, ஆனால் நிரந்தரமில்லை. கம்ப்யூட்டர் இணைப்புக் கருவிகள் விற்றுப் பொருத்திக்கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் மூன்று மாதச் சோதனைக் காலத்தில் இருந்தேன். அங்கே திருப்புளி பிடித்த முதல் பெண் நான்தான். அதற்கு முன் சித்தப்பா ஒருவரின் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷினின் சத்தம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் காதில் கேட்கும். திரும்பவும் அங்கே போய் உட்கார வேண்டி வந்தால் கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "உன் வாய்க்கு மடத்துல ஒரு வாரம் வச்சிருக்க மாட்டாங்க" என்று அம்மா சொன்னார்.

எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர், எஞ்சினியர். கழுத்துப் பட்டி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. கைக்குட்டையைக்கூட மூலை பார்த்துத்தான் மடிப்பார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்:

"பிள்ளை, சிராங்கூன் ரோட்டுக்கும் தஞ்சோங் பகாருக்கும் நடுவில ஒரு லைன். ரெண்டு முனையிலும் ரெண்டு பெட்டி. இந்த வேலை முழுக்க உம்முடையது. வாடிக்கையாளர் பெட்டி நல்லா வேலை செய்யுது எண்டு சொன்னால் நீர் நிரந்தரம். இல்லையெண்டால்..." என்று நிறுத்தி, கைக்குட்டையை மறுபடி மடித்தார். அந்த மடிப்புக்கு அர்த்தம் டைப்ரைட்டர் என்று எனக்குப் புரிந்தது.

வாடிக்கையாளர் என்றால் ஒருவர் இல்லை, அண்ணன் தம்பி இரண்டு பேர். வெங்காயம், மிளகாய் வற்றல், புளி என்று மொத்த வியாபாரம். சிராங்கூன் ரோட்டில், தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அண்ணன் கடை. கப்பல் சரக்கு இறங்குகிற பக்கம், தஞ்சோங் பகாரில், தம்பியின் கிடங்கும் ஆபீசும். வியாபாரம் ஒன்றுதான், பேச்சுவார்த்தைதான் கிடையாது. ஏழு வருஷமாக ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை. விலையைக் கணக்கப்பிள்ளைகள்தான் போனில் சொல்லிக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளைகள் கோப்பிக் கடைக்கும் போகிறவர்களாயிற்றே. காலையில் தம்பி சொன்ன விலை மத்தியானம் எதிர்க்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அதனால் இரண்டு கடையிலும் கம்ப்யூட்டர், நடுவே ஒரு லைன், லைன் நடுவே ஒட்டுக்கேட்க முடியாதபடி எங்கள் பெட்டிகள்.

பெட்டி செய்கிற வேலை இதுதான். இந்தப் பக்கம் வெங்காயம் என்று அடித்தால் கம்பியில் அது வெறும் குப்பையாகப் போகும். அந்தப் பக்கப் பெட்டி குப்பையை மறுபடி வெங்காயமாக்கிக் கொடுக்கும். அதற்கு இரண்டு பெட்டிக்கும் ஒரே சாவி எண் தெரிந்திருக்க வேண்டும். ஒரே எண்ணை ரொம்ப நாள் வைத்திருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடலாம் என்பதால், தினமும் ஒரு நேரத்தில் இரண்டு பெட்டியும் தாமாகவே அடுத்த எண்ணுக்குத் தாவும். எந்த நேரம் என்பதைக் கிழமைவாரியாகப் பெட்டிக்குச் சொல்லி வைக்கலாம். வங்கிகளும் ராணுவமும் வைத்துக்கொள்கிற சாமான் அது. நான் அதை வெங்காய மூட்டைகளுக்கு நடுவே தூக்கிக்கொண்டு போனேன்.

அண்ணன் பெரிய ஆகிருதி. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூன்று பேனா. பெட்டியைச் சாமி படத்துக்குக் கீழே வைக்கச் சொன்னார். வைத்தேன். சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். ஒரு முழம் மல்லிகையைச் சுற்றினார். நான் தடுக்கவில்லை. எங்கள் வீட்டில் புது ஃபிரிஜ்ஜுக்கே சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

பெட்டியில் எண்ணையும் நேரத்தையும் வாடிக்கையாளர்தான் தன் கையால் அடிக்க வேண்டும். பொருத்துகிறவர் பார்க்கக்கூடாது, சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். அது கம்பெனி விதி. முதலாளி கொடுத்த ஒட்டிய உறைகளில் சாவி எண் இருந்தது, ஆளுக்கு ஒன்று. நேரத்தை மட்டும் அவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும். அவர்கள்தான் பேச மாட்டார்களே. அதனால் அந்தப் பாலம் நான்தான்.

"ஐயா, தினமும் சாவி எத்தனை மணிக்கு மாறணும்?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"இதென்னம்மா கேள்வி? ராகு காலத்துல மாறக் கூடாது. அன்னன்னிக்கு ராகு காலம் முடிஞ்ச உடனே மாறணும். அந்த ஆளுகிட்டயும் சொல்லிடு."

அந்த ஆள் என்றால் உடன்பிறந்த தம்பி. மறுநாள் தஞ்சோங் பகாருக்குப் போனேன். தம்பி ஒல்லி, கால்சட்டைக்காரர், பேசும்போது நாற்காலியில் சுற்றிக்கொண்டே இருப்பார். பயந்துகொண்டேதான் சொன்னேன். அண்ணன் சொன்னது என்பதற்காகவே மறுப்பார் என்று நினைத்தேன்.

"ராகு காலம் முடிஞ்ச உடனேயா? அதேதான் நானும் சொல்ல நினைச்சேன் மிஸ். ஓகே லா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் என் மூலமாக நடந்திருக்கிறது! இன்னும் ஏதாவது கேட்டிருக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் வேதக்காரர்கள். ராகு காலம் என்று ஒன்று உண்டு, அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கார் எடுக்க மாட்டார்கள் என்பதுவரை தெரியும். ஈஸ்டர் எல்லாருக்கும் ஒரே நாளில் வருவதுபோல ராகு காலமும் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், கூட வேலை பார்த்த பையனைத் தம்பியிடம் அனுப்பிவிட்டு நான் அண்ணனிடம் நின்றேன். நானும் அவனும் போனில் ஒன்று இரண்டு மூன்று எண்ண, அண்ணனும் தம்பியும் ஒரே சமயத்தில் பெட்டியின் பொத்தானைத் தட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. முதல் வெங்காய விலை சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. அண்ணன் எனக்குக் கைநிறைய கற்கண்டு கொடுத்தார். முதலாளி "பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் ஊர்கூடி வாழ்த்தியது மாதிரி.

அடுத்த திங்கட்கிழமை ஆரம்பித்தது வினை. காலை ஒன்பது மணிக்கு அண்ணன் கடை பிரிண்டர் கூத்தாடத் தொடங்கியது. புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம், நடுவே சம்பந்தமில்லாமல் ஏதோ எழுத்துகள். நான் ஓடினேன். போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறப்பதற்குள் பத்து மணி. தானாகவே சரியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை முழுக்க ஒழுங்காக ஓடியது. சாயந்திரம் நாலரைக்குப் படுத்துக்கொண்டு ஐந்தரைக்கு எழுந்தது. புதன்கிழமை ஒன்றரைக்கு. வியாழன் மூன்று மணிக்கு. ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம்தான், ஆனால் ஒவ்வொரு நாளும் வேறு மணி. ஒரே நேரத்தில் கெட்டால் பிடித்துவிடலாம். இது என்னோடு கண்ணாமூச்சி ஆடியது.

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பெட்டியின் பூட்டுத் துவாரத்தில் குங்குமம் அடைத்திருந்தது; குச்சியால் சுரண்டி எடுத்தேன். மறுநாள் மறுபடி வைத்துவிட்டார். மல்லிகையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்றேன். பூவைப் பிழிந்து சுற்றினார். பின்னால் ஓடுகிற மிளகாய் அரைக்கும் மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன். அரைக்கிற ஆள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தும்மல் வந்தது. பூமிக்கடியில் ரயில் போகிறதே, அது லைனைக் குலுக்குகிறதோ என்று முதலாளியிடம் கேட்டேன்.

"ரயில் ஒவ்வொரு நாளும்தானே போகுது, பிள்ளை. கிழமை பார்த்தோ போகுது?" என்றார்.

வீட்டில் அம்மா கோடி அற்புதர் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். தொலைந்த சாவியைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர் என்பது ஊரறிந்தது. இது அந்த மாதிரிச் சாவி இல்லை என்று சொன்னேன். "சாவின்னா சாவிதான்" என்றார் அம்மா. சோதனைக் காலத்தில் கொஞ்ச நாள்தான் பாக்கி இருந்தது. ரயிலில் வரும்போது விரல்கள் தாமாகவே மடியில் டைப் அடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க அண்ணன் கடையிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். இன்றைக்கு இதன் முகத்தைப் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை என்ற வைராக்கியம். பத்து மணி, பதினொன்று, பதினொன்றரை. பச்சை விளக்கு அசையவில்லை. அடித்தது பன்னிரண்டு. பிரிண்டர் நட்சத்திரமாகத் துப்பத் தொடங்கியது.

அண்ணன் கணக்குப் பலகையில் ஓங்கிக் குத்தினார்.

"பாத்தியாம்மா? பாத்தியா? இது என்ன பேய்ப் பெட்டி? ராகு காலம் பூரா குதிரை மாதிரி ஓடுது. ராகு காலம் முடிஞ்சு நல்ல நேரம் வந்ததும் படுத்துக்குது! நானும் தினம் பாக்கறேன். நல்ல நேரம் புடிக்காத சாமானை என் சாமி படத்துக்குக் கீழ வச்சுட்டியே!"

அவர் திட்டத் திட்ட எனக்கு வேறு ஒன்று உறைத்தது. தினமும் கெடுவது ராகு காலம் முடிந்த அந்த நிமிஷத்தில். அதாவது சாவி மாறுகிற நிமிஷத்தில். அப்படியென்றால் இந்தப் பெட்டி மாறுகிறது, அந்தப் பெட்டி மாறவில்லை. தம்பி நேரத்தைத் தப்பாக அடித்திருக்கிறார்! நான் வெளியே ஓடி டாக்சி பிடித்தேன். தஞ்சோங் பகார் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால் இருக்கும். தம்பியின் பிரிண்டரும் அதே கூத்தில்தான் இருந்தது. அவரோ நாற்காலியில் சுற்றிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இங்கேயும் குப்பையாத்தானே வருது! ஏன் போன் பண்ணலை?"

"ஏன் பண்ணணும் மிஸ்? ராகு காலத்துல எதுதான் உருப்படும்? தினமும் பாதி ராகு காலத்துல கெட்டுப்போவும், முடிஞ்சதும் சரியாயிடும். இன்னும் கொஞ்ச நேரம்தான். தே குடிக்கிறீங்களா?"

"ராகு காலம் பன்னண்டுக்கே முடிஞ்சிருச்சே சார்."

நாற்காலி சுற்றுவது நின்றது.

"யாரு சொன்னா?"

"அண்ணன் கடைக் காலண்டர்ல..."

"அவரு!" என்று எழுந்தே விட்டார். "மெட்ராஸ்ல அச்சடிச்ச காலண்டரை இங்க மாட்டிக்கிட்டு ராகு காலம் பாக்கறாரு! அங்க சூரியன் ஆறு மணிக்கு வருது. இங்க ஏழு மணிக்கு வருது. சூரியன் வந்ததுலேர்ந்துதானே கணக்கு? இங்க வெள்ளிக்கிழமை ராகு காலம் பதினொன்னரைலேர்ந்து ஒரு மணி வரைக்கும். ஒரு மணி நேரம் தள்ளி. இது சின்னப் புள்ளைக்கும் தெரியும்!"

எனக்குத் தெரியவில்லை. அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் என்னிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் சத்தியமாக அதைத்தான் அடித்திருக்கிறார்கள். ஒருவருடைய ராகு மெட்ராசில் இருக்கிறான், இன்னொருவருடைய ராகு சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கிவிட்டான். நடுவே இருக்கிற ஒரு மணி நேரத்தில் என் வேலை போய்க்கொண்டிருந்தது.

தம்பி அதோடு விடவில்லை. பழைய கதை முழுவதையும் கொட்டினார். அரசாங்கம் சிங்கப்பூர்க் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததே, அந்த வருஷம்தான் அவர் இந்தக் கடையைத் திறந்திருக்கிறார், ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணன், பன்னிரண்டு மணிக்கு மேல் திற என்றிருக்கிறார். பன்னிரண்டு தம்பி கணக்கில் ராகு காலம். அதனால் பத்தே முக்காலுக்கே திறந்துவிட்டார். அது அண்ணன் கணக்கில் ராகு காலம். அண்ணன் பன்னிரண்டு மணிக்கு மாலையோடு லாரியில் வந்து இறங்கியிருக்கிறார். கடையில் வியாபாரமே நடந்துகொண்டிருந்தது. மாலையை லாரியிலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்தான். அதன் பிறகு பேச்சில்லை.

"இதையெல்லாம் அவர்கிட்ட கேளுங்க மிஸ். அரசாங்கம் நேரத்தை மாத்தினப்ப ராகுவுக்கு சர்க்குலர் அனுப்புச்சான்னு என்னைக் கேட்டாரு! என்னை!"

நான் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுத்து மடித்தார்.

"இயந்திரத்துக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. படிச்ச பிள்ளை நீர், வெங்காய யாவாரிகளோட சேர்ந்து பஞ்சாங்கம் பாத்துக்கொண்டு நிக்கிறீர். நீர் போட்ட முடிச்சு, நீரே அவிழும். ஆள் ஒண்டும் உம்மோட அனுப்ப மாட்டன்" என்றார்.

அவிழ்ப்பதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். திங்கள் முதல் சனி வரை மெட்ராஸ் ராகு, சிங்கப்பூர் ராகு இரண்டும் சாயந்திரம் ஐந்தரைக்குள் ஓய்ந்துவிடுகின்றன. ஞாயிறு இரண்டு கடைக்கும் லீவு. ஆகவே தினமும் ஆறு மணி. தம்பி உடனே சரி என்றார். அண்ணன்தான் முகத்தைச் சுளித்தார்.

"ஆறு மணியா? விளக்கு வைக்கிற நேரமாச்சேம்மா. விளக்கு வைக்கிற நேரத்துல சாவியை மாத்தினா வீட்டு லட்சுமி வெளிய போயிடுவா."

"ஐயா, நீங்க விளக்கு ஏழு மணிக்குத்தானே வைக்கிறீங்க? நான் பாத்திருக்கேனே."

"ஆமா. இங்க இருட்டறதே ஏழு மணிக்குத்தானே" என்றவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். விளக்குக்கு மட்டும் சிங்கப்பூர் சூரியன், ராகுவுக்கு மெட்ராஸ் சூரியனா என்று என் வாய்வரை வந்தது. வேலை ஞாபகம் வந்தது, விழுங்கிவிட்டேன். அவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும், "சரி, ஆறுன்னே வச்சுத் தொலை" என்று முனகினார்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. அன்றைக்கு இருவருடைய ராகுவும் ஒழிந்திருந்தான். பெட்டியைப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றால், வலது கையால் பூட்டுச் சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பொத்தானை அழுத்த வேண்டும். பூட்டிலிருந்து கையை எடுத்தால் அடித்ததெல்லாம் அழிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து எல்லா எண்களையும் அடிக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஒரே நொடியில் அழுத்தினால்தான் பச்சை எரியும். தம்பி அந்தப் பக்கம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தயாராக நின்றார். இந்தப் பக்கம் அண்ணன் இரண்டு கையும் பெட்டியில். நான் கையில் போனோடு, விதிப்படி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒன்னு, ரெண்டு, மூனு!" என்று கத்தினேன்.

சிவப்பு.

"அந்த ஆளு லேட்டு. சொல்லும்மா" என்றார் அண்ணன்.

"அவருதான் அவசரப்பட்டுட்டாரு. சொல்லுங்க மிஸ்" என்றது போன்.

மறுபடி எண்ணினேன். சிவப்பு. தம்பி, நான் மூன்று சொல்லி முடித்த பிறகு அழுத்தினாராம். அண்ணன், சொல்லும்போதே அழுத்தினாராம். எது முறை என்று ஒரு விவாதம், முழுவதும் என் வழியாக. "மூனுன்னா மூனுதான், அப்புறம் என்ன நாலான்னு கேளு." "நாலு இல்ல, மூனு முடியணும்னு சொல்லுங்க." மூன்றாவது தடவையும் சிவப்பு. அண்ணன் பூட்டை விடவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். நடுவே நின்று இந்தக் காதில் வாங்கி அந்த வாயில் விட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு எப்போதுமே அது கொஞ்சம்தான் உண்டு. மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"நீங்களே எண்ணித் தொலைங்க ஐயா!" என்று போனை அவர் காதில் வைத்து அழுத்திவிட்டேன்.

அவருக்குத் தப்பிக்க வழியில்லை. ஒரு கை பூட்டில், ஒரு கை பொத்தானில். என்னைத் தள்ளிவிடக்கூட முடியாது. தலையை அந்தப் பக்கம் சாய்த்தார். போனும் கூடவே போனது. கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார். நான் சட்டென்று சுவரைப் பார்த்துக்கொண்டேன். விதி அதுதானே. கடையில் மிளகாய் அரைக்கிற ஆள்கூட மோட்டாரை நிறுத்திவிட்டான். என் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு ஒன்று கேட்டது.

"...ஒன்னு."

நான் போனை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"ரெண்டு..."

"சீக்கிரம் எண்ணுண்ணே, கை வலிக்குது."

"நீ எப்பவுமே அவசரக்குடுக்கைதான்டா. மூனு!"

பச்சை.

நான் "அப்பாடா" என்று போனை எடுக்கப் போனேன். எடுக்க முடியவில்லை. அண்ணன் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே அதைக் கவ்விக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் இப்படி அவசரப்பட்டுத்தானே ராகு காலத்துல கடையத் தொறந்தே?"

"அது ராகு காலம் இல்லண்ணே! எத்தனை தடவை சொல்றது? சூரியன் ஏழு மணிக்கு வருது..."

"சூரியனைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

பூட்டிலிருந்து கையை எடுத்த பிறகும் அவர் போனைக் கையில் வாங்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சண்டை போட வேண்டியிருந்தது. ஆகையால் நான் பிடித்துக்கொண்டே நின்றேன். கத்தினார்கள், திட்டினார்கள், லாரியில் வாடிப்போன மாலையின் விலைவரை போனார்கள். நடுவில் எப்போதோ அண்ணன், "சர்க்கரை எப்படிடா இருக்கு? மாத்திரை ஒழுங்காப் போடறியா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கை வலியும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சந்தோஷமாக இருந்தது. பெட்டியும் ஓடுகிறது, சகோதரர்களும் பேசுகிறார்கள், இனி எனக்கு டைப்ரைட்டர் இல்லை என்று அன்று ரயிலில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. என் சோதனைக் காலம் முடிகிற அந்தப் புதன்கிழமை காலையில் அண்ணன் கடையிலிருந்து போன் வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். இரண்டு பெட்டியையும்!

ஓடினேன். பெட்டி அதே சாமி படத்துக்குக் கீழே, பூவும் பொட்டுமாகப் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் அண்ணன் போனில் இருந்தார். விரலைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பேச்சைத் தொடர்ந்தார்.

"...வெங்காய விலையை அப்புறம் சொல்லு. மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு. அப்ப எமகண்டத்தையும் ஒரு மணி நேரம் தள்ளுவியா? குளிகையை? ம்? சொல்லேன்டா!" என்றவர், போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார். "நல்ல பெட்டிம்மா, குத்தம் ஒன்னும் சொல்ல முடியாது. ஆனா நாங்கதான் இப்பல்லாம் நேராவே பேசிக்கிறோமே. கணக்கப்புள்ளைக்கு விலை தெரியறதே இல்ல. அப்புறம் இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?"

நான் பொருத்திய முதல் பெட்டி. அது கெட்டுப்போயிருந்தால்கூடச் சரி செய்திருப்பேன். தேவையில்லாமல் போனதை எப்படிச் சரி செய்வது? பூவை எடுத்துச் சாமி படத்துக்கே போட்டுவிட்டு, குங்குமத்தைத் துடைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன். மேசைமேல் வைத்துவிட்டு முதலாளி முன்னால் நின்றேன். அப்போது பன்னிரண்டு மணி தாண்டிச் சற்று நேரம் ஆகியிருக்கும்.

"ஏன் திருப்பித் தந்தவை?"

"பேசிக்கிறாங்க சார்."

"ஆர்?"

"அண்ணனும் தம்பியும். இந்தப் பெட்டி பேசாதவங்களுக்குத்தான் தேவைப்படுதாம்."

அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார். எனக்கு உயிரே போனது. அதை மடிக்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. மூன்று மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"பெரியவர் எனக்கும் இப்ப போன் பண்ணினவர், பிள்ளை. பெட்டி நல்லா வேலை செய்யுதாம். ஆனால் வேண்டாமாம். அதுக்குப் பதிலா, கையில பிடிக்காமப் பேசக்கூடிய போன் ரெண்டு வேணுமாம், ரெண்டு கடைக்கும். உம்மைத்தான் அனுப்பச் சொல்றார். போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு உமக்குக் கை வலிச்சதாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீர் நிரந்தரம். கடிதம் அடிச்சாச்சு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

நான் பேனாவை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மணியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கொஞ்சம் கூச்சத்தோடு கழுத்துப் பட்டியைச் சரி செய்தார்.

"இண்டைக்குப் புதன்கிழமை எல்லோ. இப்ப ராகு காலம். ஒண்டரைக்குப் பிறகு வாரும், வைச்சுத் தாறன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே இறங்கி, கோப்பிக் கடையில் உட்கார்ந்தேன். எங்களுக்கு ராகு காலம் கிடையாது. ஒரு கோப்பி குடித்தேன். சரியாக ஒன்றரைக்கு எழுந்தேன். இரண்டு அடி எடுத்து வைத்திருப்பேன். தஞ்சோங் பகார்க்காரர் நாற்காலியை நிறுத்திவிட்டுச் சொன்னது ஞாபகம் வந்தது. இங்கே சூரியன் ஏழு மணிக்குத்தானே வருகிறது? அவர் கணக்குப்படி புதன்கிழமை இரண்டரை வரை அல்லவா?

ஏழு வருஷம் பேசாமல் இருந்தவர்களுக்கு எது வேண்டுமானாலும் இருக்கட்டும். இது என் வேலை. திரும்பி வந்து உட்கார்ந்து இன்னொரு கோப்பி சொன்னேன். பிறகு இன்னொன்று. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அருள்நிறைந்த மரியேயும் சொல்லிக்கொண்டு, இரண்டே முக்காலுக்கு மாடி ஏறினேன்.

"ஏன் பிள்ளை இவ்வளவு சுணக்கம்?" என்றார் முதலாளி, பேனாவைத் திறந்தபடி.

"லிஃப்ட் கிடைக்கல சார்" என்றேன்.